இணைந்திருப்பவை: ஒன்பது

பத்தொன்பதாம் திகதியே டேட்டா தீர்ந்துபோனது.
மாதத்துக்கு நாற்பது ஜீபீ,
இரண்டு மாட்டின் பால்காசு.
இங்கே முத்தையன்கட்டு இடதுகரையில்
வயலுக்குத் தண்ணீர் குறைந்தால்
மேல்வயல்காரன் இராத்திரி வாய்க்காலை வெட்டியிருப்பான் என்று
டோர்ச் அடித்துக்கொண்டு கரையோடு போவோம்.
இதற்கு எந்தக் கரையால் நடப்பது?

ஒட்டுசுட்டானில் போன் திருத்தும் கஜீபன்
ஞாயிறு வந்தான். தேத்தண்ணி வேண்டாமென்றான்.
ரவுட்டரைத் தலைகீழாய்ப் பிடித்து
அடியில் ஒட்டியிருந்த வெள்ளைத்தாளை வாசித்தான்.
"கொம்பனி போட்ட பாஸ்வேர்டை
மூண்டு வருசமா மாத்தேல்லையோ அக்கா?
வந்துபோன எல்லாரும் இதைப் படம் எடுத்திருப்பினம்."
என் போனில் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான்.
இணைந்திருப்பவை: ஒன்பது.
வீட்டில் போன் இரண்டு,
மகளுடையது, என்னுடையது.

உடனே மாற்றவில்லை.
ஒரு கிழமை பார்த்துக்கொண்டிருந்தேன்.

விவோ என்றது பரமசோதியின் வளவு.
பள்ளிக்கூடம் விட்டு இரண்டேகாலுக்கு ஏறும்,
துப்பாக்கி விளையாட்டின் சத்தம் வேலியால் வரும்.
காலை ஆறு பத்துக்கு வந்து ஆறு பதினெட்டுக்குப் போவது
மீன்காரரின் மோட்டார் சைக்கிள்.
நான் சூடைக்கு விலை கேட்டு முடிப்பதற்குள்
முல்லைத்தீவுக் கரைக்கு அவர் ஏதோ அனுப்பிவிடுகிறார்.
செவ்வாய்க்கிழமை மட்டும் வந்த நாலு பேர்
பால் சங்கக் கூட்டத்துக்கு வந்து கதிரையில் இருந்தவர்கள்.
எனக்குத் தெரியக்கூடாத அளவு தெரிந்தது,
யார் எத்தனை மணிக்கு எழும்புகிறார்,
யார் இன்னும் நித்திரை கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் பேரில்லாதது.
இரவு இரண்டு நாற்பதுக்கு வரும்,
மூன்றுக்குள் போய்விடும்.
யானைக் காவலுக்குப் போகிற யாரோ,
சந்தி முகாமின் காவல் பொடியனோ.
நாய் குரைக்காது.
நாய்க்குத் தெரிந்த ஆள்.

கஜீபன் போனில் சொல்லித் தந்தான்.
"வீட்டாக்களின்ர பேர் வேண்டாம்.
பிறந்த நாள் வேண்டாம். செத்த நாளும் வேண்டாமக்கா,
இங்க எல்லாரும் அதைத்தான் போடினம்.
விரும்பினா வைஃபையின்ர பேரையே மறைக்கலாம்.
விரும்பினா ஒரு பட்டியல் வைக்கலாம்,
விடுற ஆக்கள், விடாத ஆக்கள்."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டேன்.
பட்டியல் என்றால் எனக்கு அந்தப் பக்கம்தான் தெரியும்:
வெயில், வரிசை, கையில் வியர்த்த பாஸ்,
மேசைக்காரனின் விரல் என் பேரைத் தேடி
மேலிருந்து கீழே வருவது.
இராத்தங்க வந்த தமக்கையைக்கூடப்
பதிந்துவிட்டுத்தான் பாய் போட்ட வீடு இது.
இன்றைக்கு மேசை என்னுடையது.
விரலும்.

மறுத்தேன்.
விவோவை, மீனை, செவ்வாய்க்கிழமையை.
பேரில்லாததில் விரல் கொஞ்சம் நின்றது.
பிறகு அழுத்தியது.

அன்றிரவு இரண்டு நாற்பதுக்கு விழித்திருந்தேன்.
வேலிக்கு வெளியே, கிளுவைகளுக்கு நடுவில்
ஒரு முகத்தளவு வெளிச்சம் எழும்பியது.
நாயின் வால் மண்ணில் அடிபடும் சத்தம்.
வெளிச்சம் அணைந்தது. திரும்ப எழும்பியது.
தவறு, தவறு என்று
அந்தக் கண்ணாடி எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது.
பிறகு செருப்புச் சத்தம், வாய்க்கால் பக்கமாக.
யாரென்று கூப்பிடவில்லை.
கூப்பிட்டிருக்கலாம்.

காலையில் சுபாங்கி போனும் கையுமாய் வந்தாள்.
"அம்மா, என்னையும் வெளியில விட்டாச்சோ?"
பட்டியலைத் திறந்தேன்.
இணைந்திருப்பவை: ஒன்று.

கிட்ட வா என்றேன்.
வீட்டில் வேறு ஒருவருமில்லை. ஆனாலும்
ஜன்னலைச் சாத்தி, குரலைத் தாழ்த்தி,
காதுக்குள் ஒவ்வொன்றாய்ச் சொன்னேன்:
பெரிய கே. சின்ன ஆர். ஏழு.
கீழே போடுகிற கோடு.
திரும்ப ஏழு.
மிச்சத்தை இங்கே எழுதமாட்டேன்.